என் கண்ணுக்குள் நிலா கோட்டை கட்டியது

கண் ஆஸ்பத்திரியில் விடுகிற சொட்டு மருந்து எரியும். எரிந்தாலும் துண்டால் துடைக்கக் கூடாது. துடைத்தால் அந்த நர்ஸ் பெண் முதலிலிருந்து திரும்ப விடும். நான் துடைத்தேன், இரண்டு தரம் எரிந்தது. இனிமேல் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை முதலில் சொல்கிறேன். மற்றதை நினைவு வருகிற வரிசையில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம். மாதா கோயில் வளாகத்தில் ஒரு சமயம் கண் முகாம் போட்டார்கள். என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் புரை இருந்தது. வேன் வைத்துக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பால் சொசைட்டி வாசலில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால் ஏதோ மந்திரிசபை கூடியிருக்கிற மாதிரி இருக்கும். எனக்கு மட்டும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லாப் பாரும்மா. ஒரு ஓரத்துலயாச்சும் இருக்கும்" என்றேன் அந்தப் பரிசோதனைப் பெண்ணிடம்.

அது மறுபடி வெளிச்சம் அடித்துப் பார்த்தது. சிரிப்பு நின்றுபோயிற்று. "ஓரத்துலதான் தாத்தா என்னமோ இருக்கு. புரை இல்ல. தஞ்சாவூருக்குப் போயி பெரிய டாக்டரப் பாத்துருங்க" என்றது.

கேட்டதை மாதா கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பார்வையைப் பற்றி நான் அதுவரை குறைப்பட்டதே இல்லை. எதிரே வருகிறவன் சட்டைப் பொத்தான் தெரியும். பொழுது சாய்ந்தால்தான் கொஞ்சம் தகராறு. வாலிபத்தில் முறைத்தண்ணீர் பாய்ச்சப் போனால் மடை எங்கே, வரப்பு எங்கே என்று தெரியாமல் வாய்க்காலில் இறங்கிவிடுவேன். ஈரவேட்டியோடு திரும்பி வருவேன். சாராயம் தொடாத குடும்பம் எங்களுடையது, ஆனால் ஊர் முழுக்க நான் குடிகாரன் என்றே பேசியது. பகலில் வேறு பெயர். தலைக்கனம் பிடித்தவன். நேரே வந்து கும்பிட்டவனுக்கு நான் பதில் கும்பிடு போடுவேன், பக்கவாட்டில் நின்று கும்பிட்டவனை மதிக்காமல் போய்விடுவேனாம். ஆகவே ஊரில் பாதிப்பேருக்கு நான் நல்லவன், பாதிப்பேருக்கு ஆகாதவன். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயம் என் இளைய மகள் ரீத்தா சென்னையிலிருந்து லீவில் வந்திருந்தாள். அங்கே ஒரு கம்பெனியில், அமெரிக்காக்காரன் போன் செய்தால் இவள் பதில் சொல்ல வேண்டும். அது ஒரு வேலையாம், சம்பளமும் கொடுக்கிறார்கள். அவள் வந்தது லீவுக்கு மட்டுமல்ல. ஹாஸ்டலில் கூட இருக்கிற வேதாரண்யத்துப் பெண்ணின் அண்ணன், பெஞ்சமின் என்று பெயர், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள்.

"நம்ம வீட்ல அசல்ல பொண்ணு குடுத்தது கெடையாது" என்றேன்.

"சரி, உறவுல யாரு இருக்கா, சொல்லுங்க."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். உறவில் மிச்சமிருந்த முறைமாப்பிள்ளை ஒருவன்தான். என் பெண்சாதி லூர்துவின் தம்பி மகன் செபாஸ்டின், சிங்கப்பூரில் இருந்தான். ஆனால் அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து பல வருஷம் ஆயிற்று. என் மச்சான் ஆரோக்கியசாமி செத்தால்கூட எட்டிப் பார்ப்பதில்லை என்று நான் சொல்லியிருந்தேன். அவனும் என்னைப் பற்றி அதையே சொல்லியிருந்தான். யார் முதலில் சாவது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. அதனால் அவனுக்கும் கொடுக்க முடியாது, அசலிலும் கொடுக்க மாட்டேன். ரீத்தா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வாங்கப்பா, கண்ணையாவது பாத்துட்டு வருவோம்" என்று தஞ்சாவூருக்குக் கிளப்பினாள். லூர்துவும் கூட வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒன்று பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருந்தது. அதற்குள் முகத்தை வைத்து, மோவாயை ஒரு தட்டில் ஊன்ற வேண்டும். கையில் ஒரு பொத்தான் கொடுத்தார்கள். "நேராவே பாருங்க அய்யா. சுத்தி எங்கயாச்சும் புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும். தெரியிறப்ப அமுக்குங்க" என்றது ஒரு பெண். நானும் நேரே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கேயோ டக் டக் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் ஆயிற்று.

"அய்யா, முழிச்சிருக்கீங்களா?"

"முழிச்சுத்தாம்மா இருக்கேன். நீ எப்ப ஆரம்பிக்கப் போறே?"

அப்புறம்தான் தெரிந்தது, அது முடிக்கப் போகிற சமயமாம்.

அடுத்தது படம் எடுக்கிற மிஷின்கள். ஒன்றில் சிவப்புக்கோடு ஓடும், கண்ணைத் தொடுவதே இல்லை, சிமிட்டாமல் இருந்தால் போதும். டாக்டரம்மா அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டி விளக்கினார்கள். போர் போடும்போது களிமண், மணல், சுக்கான் என்று அடுக்கு அடுக்காக வருமே, அப்படிக் கண்ணின் பின்புறத் திரையும் பல அடுக்காம். வெளிச்சத்தை வாங்குகிற அடுக்கு எனக்கு நடுவில் மட்டும் இருக்கிறது, ஓரங்களில் கரைந்துபோய்விட்டது. கத்தி வைக்காமலே உள்ளே இருக்கிற அடுக்கைக் காட்டுகிற மிஷின் அது. போர் போடுகிறவனிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் என் மேலக்காட்டில் உப்புத்தண்ணி வந்திருக்காது.

இன்னொரு மிஷினில் நீல வெளிச்சம் அடித்து எடுத்த படம் கறுப்பும் சாம்பலுமாக இருந்தது. நடுவில் பளபளவென்று ஒரு வளையம்.

"நிலாவச் சுத்தி வட்டம் போட்டுக் கோட்டை கட்டுன மாதிரில்ல இருக்கு!" என்றேன். "'அகல் வட்டம் பகல் மழை'ன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க."

"அந்த வளையத்துக்கு உள்ள இருக்கிறதுதான் தாத்தா உங்க பார்வை" என்றார்கள் டாக்டரம்மா. "வெளிய இருக்கிறது போயிருச்சு. வளையம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். மெதுவாத்தான்."

"மருந்து?"

"இப்போதைக்கு இல்ல தாத்தா."

நான் மழையைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

ராத்திரி எப்படி நடமாடுவேன் என்று அவர்கள் கேட்டார்கள். "அதெல்லாம் நல்லாவே நடப்பேன்" என்றேன். லூர்து தொண்டையைச் செருமினாள். "நான் முன்னாடி போவேங்க டாக்டர். வாசப்படி வந்தா ஒரு இருமல் இருமுவேன். பள்ளம் வந்தா ரெண்டு. இவரு சத்தத்தப் புடிச்சுக்கிட்டே வந்துருவாரு. சொன்னா கோவம் வரும், அதான் சொல்றதில்ல."

கல்யாணமான நாளாக இவளுக்கு நெஞ்சுச்சளி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கும்பகோணம் வரைக்கும் போய் லேகியம் வாங்கிவந்து கொடுத்திருக்கிறேன். அவளும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறாள்.

"இது பரம்பரையா வர்றது. சொந்தத்துல கல்யாணம் செஞ்சிருக்கீங்களா?" என்று டாக்டரம்மா பேனாவை எடுத்தார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டியிருந்தால் ரெட்டைக்கோடு.

"எங்கப்பா கட்டுனது அவரு மாமன் மகள. எங்கம்மாவோட அண்ணன் கட்டுனது எங்கப்பாவோட தங்கச்சிய. பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்தது. அவங்க மகதான் இந்த லூர்து. இதுக்கெல்லாம் பிஷப்பு மேற்றிராணியார்கிட்ட அனுமதி வாங்கித்தான் செஞ்சோம், திருட்டுத்தனம் ஒண்ணும் இல்ல."

டாக்டரம்மா ரெட்டைக்கோடு போட்டுக்கொண்டே வந்தார்கள். தாள் மீன்வலை மாதிரி ஆகிவிட்டது. "தாத்தா, உங்க குடும்பத்துக்குள்ள வெளியாளு யாராச்சும் வந்திருக்காங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "பங்குச்சாமி வந்து போவாரு" என்றேன்.

அவர்கள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்கள். இந்த நோய்க்கு ஒரு விதை உண்டு. ஒருவரிடம் ஒற்றை விதை இருந்தால் ஒன்றும் செய்யாது. அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என்று ரெண்டும் சேர்ந்தால்தான் முளைக்கும். லூர்துவும் அதே ரத்தம் என்பதால் பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம். மூத்தவள் திருப்பூரில் இருந்தாள், அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும். ரீத்தாவுக்கு அடுத்த தடவை எல்லா மிஷினிலும் படம் எடுக்க வேண்டும். சொந்தக்காரர்களில் வேறு யாராவது சாயங்காலம் தடுமாறுகிறவர்கள் உண்டா என்றும் கேட்டார்கள். யாருமில்லை என்றேன். ரீத்தா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். அய்யம்பேட்டை தாண்டி தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. தலையைத் திருப்பாமல் எவ்வளவு தெரிகிறது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தேன். ஒரு முறம் அகலம். அந்த முறத்துக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. என் கண் போனால் போகட்டும். பக்கத்து சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த ரீத்தாவின் கண்ணை நினைத்தால்தான் பயமாக இருந்தது. இத்தனைக்கும் அவளுக்குக் கல்யாணம் கூடாதென்று முறுக்கிக்கொண்டிருந்த ஆள் நான்.

அடுத்த வாரம் மறுபடி போனோம். எனக்கும் ரீத்தாவுக்கும் சொட்டு விட்டு, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். ரீத்தாவைச் சீக்கிரமே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், லூர்து துணைக்குப் போனாள். அங்கே பெஞ்சு பெஞ்சாக இருபது முப்பது பேர், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பூசை நடுவில் சாமியார் ஓடிப்போன கோயில் மாதிரி இருந்தது.

என் பெஞ்சின் மறுகோடியில் ஒருவன் பக்கத்து ஆளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒரு மச்சான் இருக்காருங்க. அவரு மூத்த மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு எடுத்துக்கிட்டு, மேளதாளத்தோட போறேன். பந்தல் வாசல்ல நிக்கிறாரு. பொண்ணோட தகப்பன் ரெண்டு கையாலயும் தட்ட வாங்கணும், அதானே மொறை? நான் நீட்டிக்கிட்டு நிக்கிறேன். மனுசன் என்னையத் தாண்டிப் போயி, பின்னாடி வந்த பிரசிடெண்டுக்குக் கும்பிடு போடுறாரு!"

"அநியாயம்" என்றது ஒரு குரல்.

"தட்டுல பட்டுப்புடவைங்க. அப்படியே கொண்டாந்து மேளக்காரன் பக்கத்துல வச்சுட்டு வந்துட்டேன்."

அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். கண்ணைத் திறந்தால் எல்லாம் பால் கொட்டினாற்போல் வெள்ளை. ஆனால் வாய் நன்றாகத்தான் இருந்தது.

"அந்த மச்சான் சொல்றதையும் கேளுங்கய்யா!" என்றேன். "பந்தியில சனங்க நிக்கிது. தலைவாழை இலையில எடம் போட்டு வச்சு, 'வா மச்சான் ஒக்காரு'ன்னு கையக் காட்டிக் கூப்புடுறேன். பக்கத்துலதான் நிக்கிறான். திரும்பிக்கூடப் பாக்காம, பந்தக்காலத் தட்டி வுட்டுட்டு வெளிய போயிட்டான். ஊரு சிரிச்சிச்சு!"

"யாரு நீங்க, அத்தானா?" என்றான் அவன்.

"ஆமாண்டா, அத்தான்தான்."

"நீங்க என்னையக் கூப்புட்டீங்களா?"

"கையக் காட்டிக் கூப்புட்டேன்டா. நாயனத்துக்கு மேல கத்த முடியுமா?"

"எந்தப் பக்கமா காட்டுனீங்க?"

"ஒன் எடதுகைப் பக்கம்."

அவன் குரலை இறக்கி, "எனக்கு ரெண்டு பக்கமும் தெரியாது அத்தான்" என்றான். "போன வைகாசியில மொபெட்ட வைக்கப்போருக்குள்ள வுட்டுட்டேன். அதக் கேள்விப்பட்டு ரீத்தாதான் போன் பண்ணி, இங்க வாங்க மாமான்னு வரச்சொன்னுச்சு. முந்தாநாளு படமெல்லாம் எடுத்தாங்க. ஏதோ வளையம் இருக்காம்."

"சீரு எந்தப் பக்கமிருந்து நீட்டுனே?"

"ஒங்க வலதுகைப் பக்கம்."

"எனக்கும் ரெண்டு பக்கமும் தெரியாதுடா."

கண்ணை மூடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் இப்போது பஞ்சாயத்தார் ஆகிவிட்டார்கள். "அட, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதியா! அப்பறம் யாரு மேல கோவிக்கிறது?" என்று ஒரு பெரியம்மா தீர்ப்புச் சொல்லியது. நான் எழுந்து குரல் வந்த திசையில் போனேன். அவனும் எழுந்து என் திசையில் வந்தான். வழியில் நான் யாரோ ஒரு அதிராம்பட்டினத்து பாயைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் பெருந்தன்மையாக, "நான் இல்லீங்க, ஒங்க மச்சான் அந்தாண்ட நிக்கிறாரு" என்று என்னைத் திருப்பிவிட்டார்.

அழுதோம். சொட்டு மருந்தெல்லாம் வீணாய்ப் போயிற்று. அழுது முடித்த கையோடு ஆரோக்கியசாமி சொன்னான்: "அத்தான், இனிமே என்ன? செபாஸ்டின் தையில வர்றான். ரீத்தாவக் குடுத்துருங்க."

"குடுத்தேன்!" என்றேன்.

அந்தப் பெரியம்மா குலவையே போட்டுவிட்டது. நர்ஸ் ஓடிவந்து, இது ஆஸ்பத்திரி என்று நினைவுபடுத்தியது.

இந்தச் சந்தோஷத்தில் ரீத்தா உள்ளே போயிருப்பதே எனக்கு மறந்துவிட்டது. எங்களையும் உள்ளே கூப்பிட்டபோதுதான் நினைவு வந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டரில் மூன்று படங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பார்வை கொஞ்சம் தெளிந்திருந்தது, மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து பார்த்தேன். முதல் படத்தில் வளையம், என்னுடையது. ரெண்டாவதிலும் வளையம், மச்சானுடையது, கொஞ்சம் பெரிசு. அவன் வயலும் அப்படித்தான், என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிசு. மூன்றாவது படம் ஒரே சீராக இருந்தது. அதில் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை.

"இது?" என்றேன்.

"ரீத்தாவோடது. அடுக்கெல்லாம் முழுசா இருக்கு. நோய் இல்ல தாத்தா."

லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். நாற்காலி அங்கே இல்லை. மச்சான் பிடித்துக்கொண்டான்.

"ஆனா ஒத்தை விதை கண்டிப்பா இருக்கும்" என்றார்கள் டாக்டரம்மா. "இவரு மகன்கிட்டயும் இருக்கும். அதனால இவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு வெளிய பேசிக்கிட்டிருந்தீங்களே, அது வேணாம். பொறக்கிற பிள்ளைக்கு ரெண்டு விதையும் சேர்ந்துரலாம். வெளிய கட்டினா அந்த பயம் ரொம்பக் குறைவு."

"டாக்டர், அந்தக் கடைசி வரிய இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள் ரீத்தா. "இவங்க ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் இருக்கு."

டாக்டரம்மா திரும்பவும் சொன்னார்கள். கூடத்தில் போட்ட குலவைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

ஆரோக்கியசாமிதான் முதலில் வாயைத் திறந்தான். "அத்தான், சொந்த வயல் நெல்லையே விதைக்கு வச்சுக்கிட்டிருந்தா நாலாம் போகத்துல பதராப் போயிரும்னு ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே. வேற ஊரு விதைதான் வேணும்னு வலங்கைமான் வரைக்கும் வண்டி கட்டிக்கிட்டுப் போனீங்க. பொண்ணு விசயத்துல மட்டும் ஏன் நமக்கு அது தோணல?"

"ஒனக்குத் தோணுச்சா?"

"எனக்கு எங்க தோணும்? நான் ஒங்க பக்கத்து வயல்தானே."

வேதாரண்யத்துக்குக் கொடுக்கலாம் என்று நான் சொன்னபோது ரீத்தா துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். "மொதல்ல அவங்ககிட்டப் போயி இதச் சொல்லுங்க. கண்ணு விசயத்த மறைச்சு நான் கட்டிக்க மாட்டேன். அவங்க வேணாம்னு சொன்னா வேணாம்" என்றாள். இத்தனை நாள் நான் மறுத்துக்கொண்டிருந்த சம்பந்தம் இப்போது கை நழுவிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நானும் மச்சானும் லூர்துவும் பஸ் பிடித்து, நாகப்பட்டினத்தில் மாறி, வேதாரண்யம் போய்ச் சேர்ந்தோம். லூர்து வழியெல்லாம் ரெண்டு பேருக்குமாகச் சேர்த்து இருமிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையின் அப்பா ஞானப்பிரகாசம் உப்பளக்காரர். எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். ஓட்டு வீடு, கடல்காற்றுக்காக ஜன்னல் சின்னதாக வைத்திருந்தார்கள். வெளிச்சம் மட்டு. அவர் எங்களுக்குப் பக்கவாட்டில் எங்கேயோ உட்கார்ந்தார். நான் குரலைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், ரெட்டைக்கோடு, வளையம், விதை, எதையும் விடவில்லை. "எங்க ரெண்டு பேருக்கும் மருந்தில்லாத நோயி. மகளுக்கு நோயி இல்ல. ஒத்தை விதை இருக்கு. ஒங்க பக்கத்துலயும் அதே விதை இருந்தாத்தான் ஆபத்து. சொல்லிட்டோம். அப்பறம் ஒங்க இஷ்டம்."

"நம்ம வீட்ல யாருக்காச்சும் மாலைக்கண்ணு உண்டா?" என்று அவர் உள்ளே பார்த்துக் கேட்டார்.

"ஒங்களுக்குத்தான் உண்டு" என்றது ஒரு பெண்குரல் அடுப்படியிலிருந்து. "பொழுது போனா வீட்டுக்கு வழி தெரியாதே. கடைக்கு வழி மட்டும் தெரியும்."

மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை.

"இப்ப ஒங்களுக்கு எம்புட்டு தெரியிது?" என்று கேட்டார்.

"ஒரு மொறம் அகலம். சுருங்கிக்கிட்டே வரும்னுருக்காங்க."

"பையனுக்குக் காண்ட்ராக்ட்டு முடிய இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதுக்கப்பறம்தான் கல்யாணம்னு நெனச்சிருந்தோம்" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. எழுந்து உள்ளே போய்விட்டார் போலிருந்தது. ரெண்டு வருஷம் என்றால் தட்டிக் கழிக்கிறார் என்றுதானே அர்த்தம்? மச்சான் என் தொடையைக் கிள்ளினான், கிளம்பலாம் என்று. நான் கையூன்றி எழுந்திருக்கப் போனேன்.

தரையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. முட்டியில் முட்டி இடித்தது. என் முறத்துக்குள் நேராக ஒரு முகம் வந்து நின்றது.

"அதெல்லாம் லீவு போட்டுட்டு வரட்டும். தவசு காலம் வந்தா கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க, அதுக்கு முன்னாடி தையிலயே முடிச்சுருவோம். காலைப் பூசையா வச்சா ரெண்டு பேருக்கும் வெளிச்சம் சரியா இருக்கும்ல?" என்றார் ஞானப்பிரகாசம். "இப்ப நான் தெரியிறனா சம்பந்தி?"

முழுசாகத் தெரிந்தார். முன்பல் ஒன்று இல்லை.